பஸ் நிற்கும் இடமும் ஆள் நிற்கும் இடமும்: கோத்தகிரிச் சரிவில் ஓர் ஆர்க்கிடெக்டின் பணி

கோத்தகிரி வட்டாரத்தில் ஒரு மலைத்தடத்தின் ஏழு பேருந்து நிறுத்தங்களையும், பிறகு அதே தடத்தின் முனையிலிருக்கும் சிற்றூரின் பேருந்து நிலையத்தையும் வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் ஒருவரின் பணி பற்றிய பதிவு இது. மண், வடிகால், தடுப்புச்சுவர் வேலைகளை நான் பார்த்துக்கொண்டேன். ஆட்களின் பெயர், நிறுத்தங்கள் இருக்கும் ஊர்களின் பெயர், அலுவலகப் பெயர் எதுவும் இதில் இல்லை. இதே மாதிரி வேலை கையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதியது.

## பின்னணி

ஆர்க்கிடெக்ட் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவர். பள்ளிக்கூடத்துக்கும் பஸ், சந்தைக்கும் பஸ், ஆஸ்பத்திரிக்கும் பஸ் என்று இருந்த வீடு. ஐந்தாண்டு பி.ஆர்க். படிப்பை முடித்துவிட்டு, சென்னையில் மெட்ரோ நிலையங்களுக்கு வரைபடம் தயாரிக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தார். 2015 ஜூனில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே முதல் மெட்ரோ ரயில் ஓடியபோது, அவர் சுரங்க நிலையங்களின் நுழைவாயில்களை வரைந்துகொண்டிருந்தார்.

மெட்ரோ நிலையம் என்பது கூட்டத்தை நகர்த்துவதற்கான கட்டடம். தீப்பிடித்தால் நடைமேடை 4 நிமிடத்தில் காலியாக வேண்டும், 6 நிமிடத்துக்குள் கடைசி ஆளும் பாதுகாப்பான இடத்தை அடைய வேண்டும் என்பது பல நாட்டு மெட்ரோக்களும் பின்பற்றும் அளவுகோல். படிக்கட்டின் அகலம், எஸ்கலேட்டர்களின் எண்ணிக்கை, டிக்கெட் கேட்டுகள் எல்லாம் அந்தக் கணக்கிலிருந்து வருபவை. உட்காரும் இடம் கடைசியில்தான் வரும். கொஞ்ச நேரத்தில் அடுத்த ரயில் வந்துவிடும் என்பதால் அதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை.

சில வருடங்களில் அவருக்கு அந்த வேலை சலித்தது. ஒருவருக்கு நுழைவாயில், இன்னொருவருக்குக் கழிப்பறை, மூன்றாமவருக்குக் கைப்பிடிக் கம்பி என்று துண்டுபோட்டுக் கொடுக்கிற இடத்தில் முழு நிலையத்தையும் யோசிக்க யாருக்கும் வாய்ப்பில்லை. ஊருக்குத் திரும்பி, குன்னூரில் சின்னதாக ஓர் அலுவலகம் போட்டார். ரிசார்ட், காட்டேஜ் வேலைகள் வந்தன, வருமானமும் வந்தது. பொதுப் போக்குவரத்து வேலை என்று எதுவும் கண்ணில் படவில்லை. மலையில் அது ஆர்க்கிடெக்டைத் தேடி வரும் வேலையும் இல்லை.

2023 கடைசியில் ஓர் உள்ளாட்சி அமைப்பிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு தடத்தில் ஏழு பயணியர் நிழற்குடைகள் கட்டப்போகிறோம், மாதிரி வரைபடம் இருக்கிறது, முகப்பை மட்டும் மலைக்கு ஏற்ற மாதிரி அழகாக்கித் தாருங்கள் என்றார்கள். கட்டணம், கட்டுமானச் செலவில் சிறு சதவீதம். ஒரு நிழற்குடையின் செலவே சில லட்சம்தான் எனும்போது, அந்தச் சதவீதத்தில் பெட்ரோல் செலவுகூடத் தேறாது. பொங்கல் வரை வரையமாட்டேன், அதுவரை தடத்தைப் பார்க்க விட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். சரி என்றார்கள். எப்படியும் டெண்டருக்கு நாளிருந்தது.

## கவனித்தவை

ஏழில் ஐந்து நிறுத்தங்களில் பழைய நிழற்குடைகள் ஏற்கெனவே இருந்தன. மூன்று பக்கச் சுவர், சாலையைப் பார்த்த திறப்பு, மேலே தகரம். காலை நேரத்தில்கூட அவற்றில் ஆளில்லை. ஜனங்கள் அங்கிருந்து நாற்பது, ஐம்பது மீட்டர் தள்ளி, டீக்கடைத் தாழ்வாரத்திலோ மரத்தடியிலோ நின்றார்கள். நிழற்குடைக்குள் விறகுக் கட்டு, காலி உர மூட்டை, சுவரொட்டி.

உள்ளாட்சித் தரப்பில் இதற்கு ஒரு விளக்கம் தயாராக இருந்தது: மக்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை. ஆர்க்கிடெக்ட் அதை எழுதி வைத்துக்கொண்டார், மறுத்துப் பேசவில்லை. அப்புறம் ஓட்டுநர்களிடம் கேட்டார்.

"மேடம், நெழக்கொடை முன்னாடி ஏத்தம். ஃபுல் லோடுல அங்க நிறுத்திட்டு மறுபடி எடுத்தா வண்டி பின்னாடி உருளும். கிளட்ச் யாரு வீட்டுக் காசு? மேல போனா சமமா ஒரு எடம் இருக்குது, அங்கதான் நிறுத்துவோம்" என்றார், அந்தத் தடத்தில் பல வருடம் ஓட்டியவர்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று விதி இருப்பதே, ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி எடுப்பது சிரமம் என்பதால்தான். நிழற்குடையோ நிலம் கிடைத்த இடத்தில் கட்டப்பட்டது. நிலம் சும்மா கிடைப்பது பெரும்பாலும் யாரும் நிற்காத இடத்தில்தான். ஏற்றத்தில் வேறு வழியின்றி நிறுத்தியபோதெல்லாம் நடத்துநர் இறங்கிப் பின்சக்கரத்துக்கு முட்டுக்கல் போட்ட தடயம் இரண்டு இடங்களில் கிடந்தது. எடுக்காமல் விட்ட கல்.

அடுத்தது மழை. நீலகிரியில் மழை எல்லா இடத்திலும் ஒரே பக்கமாக வருவதில்லை. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் அடிப்பது தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது அந்த மழைதான். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு முக்கியம் வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கங்களில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தது அந்த மழையில். மாதிரி வரைபடத்தில் இந்த வேறுபாடே கிடையாது. சாலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திறப்பு. நாங்கள் பார்த்த ஐந்தில் மூன்று நிழற்குடைகள் நேராகக் கிழக்கைப் பார்த்துத் திறந்திருந்தன. உள்ளே பின்சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பாசி படிந்திருந்தது. நாங்கள் போனது மழை விட்ட பிறகு; ஆனாலும் எவ்வளவு தூரம் சாரல் உள்ளே வருகிறது என்பதை அந்தப் பாசியே அளந்து காட்டியது.

தகரக் கூரையில் இன்னொரு சங்கடம். மழை பெய்யும்போது பஸ் வரும் சத்தம் உள்ளே கேட்காது. பக்கச்சுவர் மறைப்பதால் பார்க்கவும் முடியாது. ஆகவே பஸ் வருகிறதா என்று பார்க்க ஒருவர் வெளியே நனைந்துகொண்டு நிற்க வேண்டும். ஒருவர் நனைகிறார் என்றால் எல்லோரும் டீக்கடைக்கே போய்விடுகிறார்கள்.

மூன்றாவது விஷயத்தைச் சொன்னது தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள். விடியற்காலையில் மூன்று பக்கம் அடைத்த அறைக்குள் நுழைய அவர்களுக்குப் பயம். கோத்தகிரியில் கரடி ஊருக்குள் வருவது புதிதில்லை. கோயிலில் எண்ணெய், கடையில் தின்பண்டம் என்று தேடி வரும். காட்டெருமை தேயிலைச் செடிக்குள் நிற்கும். நிழற்குடைக்குள் என்ன படுத்திருக்கிறது என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் தெரியும் என்றால் யார் போவார்கள்? டீக்கடையில் லைட் எரிகிறது, ஆள் இருக்கிறது. அவர்கள் கணக்கு சரியாகவே இருந்தது.

நான்காவது, சுமை. பீன்ஸ், முட்டைக்கோஸ் மூட்டையோ விறகுக் கட்டோ தலையில் வைத்துக்கொண்டு வருபவர், அதைத் தரையில் இறக்கினால் மறுபடி ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். அதனால் பலர் இறக்காமலேயே நின்றார்கள். இந்தத் தடத்தில் பஸ் வருவது மணிக்கு ஒன்று, சில நேரம் அதுவும் இல்லை.

மெட்ரோவில் அவர் கற்ற கணக்கு இங்கே தலைகீழாகிவிட்டது. அங்கே ஆட்கள் நிற்கக் கூடாது. இங்கே ஆட்கள் செய்யும் வேலையே நிற்பதுதான். வடிவமைக்க வேண்டியது அந்த ஒரு மணி நேரத்தை.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, முகப்பைத் தொடாமல் இடத்தை மாற்றுவது. சொல்ல எளிது. சாலையும் அதன் ஓரமும் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். நிழற்குடை உள்ளாட்சியின் சொத்து. பஸ் போக்குவரத்துக் கழகத்தினுடையது. மூவரும் ஒரே நிறுத்தத்தில் ஒன்றாக நின்று பேசியதே இல்லை. ஆர்க்கிடெக்ட் வற்புறுத்தியது ஒரு கூட்டுத் தணிக்கைக்குத்தான். மூன்று தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர், கூடவே இரண்டு ஓட்டுநர்கள், சரக்கோடு ஏறிய ஒரு பஸ். ஓட்டுநர்கள் தாங்கள் நிறுத்தும் இடத்தில் நிறுத்திக் காட்டினார்கள். ஏழில் நான்கு இடங்களை மாற்ற அங்கேயே ஒப்புதல் கிடைத்தது. அறிக்கை மேல் அறிக்கை எழுதியிருந்தால் இது ஒரு வருடம் இழுத்திருக்கும் என்பது என் எண்ணம்.

மீதி மூன்றில் ஒன்றில் மாற்று இடத்தில் பெரிய மரம் நின்றது. 1955-ன் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கித்தான் வெட்ட முடியும். வெட்டவே வேண்டாம் என்று பழைய இடத்தையே வைத்துக்கொண்டோம். இன்னொன்றில் பழைய இடமே சமதளம்தான். மூன்றாவதில் அடிக்கல் நாட்டு விழா ஏற்கெனவே முடிந்திருந்தது. அதைப் பற்றி மேலே பேச இடமில்லை.

இரண்டாவது, சுவர். சாலை எந்தப் பக்கம் இருந்தாலும் கிழக்கும் வடகிழக்கும் மூடியிருக்க வேண்டும் என்று வைத்தார். ஆனால் மூடினால் கரடிப் பிரச்சினை. அதனால் எல்லாச் சுவரிலும் நிற்பவர் கண் மட்டத்தில் நீளவாக்கில் ஒரு திறப்பு, அதில் கம்பி வலை, மேலே வெளிப்பக்கம் நீட்டிய சிறு சஜ்ஜா. தூரத்திலிருந்து வருபவருக்கு உள்ளே நிற்பது தெரியும். உள்ளே நிற்பவருக்கு வளைவில் பஸ் திரும்புவது தெரியும். தகரத்துக்கு அடியில் ஃபைபர் சிமெண்ட் போர்டு கொடுத்துச் சத்தத்தைக் குறைத்தோம். உட்காரும் இடத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று மாதிரி வரைபடம் சொன்னது. ஜனவரிக் காலையில் அதில் யாரும் உட்காரமாட்டார்கள் என்று மரச்சட்டமாக மாற்றினார்.

மூன்றாவது முடிவுதான் எனக்குப் பிடித்தது. பழைய நடைவழிகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள்: இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். தலைச்சுமையைக் குனியாமல், துணைக்கு ஆள் இல்லாமல் இறக்கி வைத்து, மறுபடி அப்படியே தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். நிழற்குடையின் பக்கச்சுவரை ஒட்டி அதே மாதிரி ஒரு மேடை வைக்க நினைத்தார். உயரம் எவ்வளவு? புத்தகத்தில் கிடைக்காது. ஒரு நிறுத்தத்தில் ஹாலோ பிளாக்கை அடுக்கி மேலே பலகை போட்டு, மூட்டையோடு வந்தவர்களை இறக்கிப் பார்க்கச் சொன்னார். முதலில் ஏழு கல். வயதான அம்மா ஒருவர் மூட்டையை வைக்கப் பார்த்துவிட்டுத் திரும்பி, "ஒசரம் ஜாஸ்தி கண்ணு, ஒரு கல்ல எறக்கு" என்றார். இறக்கினோம். கழுத்தைச் சற்றே சாய்த்தார், மூட்டை தானாகப் பலகைக்கு நழுவியது. ஆறு கல், அதாவது 4 அடி. வரைபடத்தில் அதே உயரம் போனது.

வரைபடம் முடியும் நேரத்தில் ஒரு மாற்றம் வந்தது. 2024 தொடக்கத்தில் மகளிர் கட்டணமில்லாப் பயணம் மலைப்பகுதிச் சாதாரணப் பேருந்துகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. நடந்து போய்வந்த பெண்கள் பஸ்ஸுக்கு வரத் தொடங்கினார்கள். இருக்கையை நீட்டி, ஒரு பகுதியை நின்றபடி சாயும் கம்பியாக மாற்றினார்.

என் பங்குக்கு, பின்பக்கம் மண்ணை வெட்டிய இடங்களில் கல் தடுப்புச்சுவர், அதில் நீர் வடியும் குழாய்கள், சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பு. நீலகிரி மண் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக நிற்கும். தண்ணீர் ஊறினால் எடை கூடி, பிடிப்பு போய்விடும். சுவரை எவ்வளவு கனமாகக் கட்டுகிறோம் என்பதைவிட, பின்னால் நிற்கும் தண்ணீரை எப்படி வெளியேற்றுகிறோம் என்பதே முக்கியம்.

## பின் நடந்தவை

2024 கோடையில் கட்டி முடித்தார்கள். அக்டோபரில் மழை தொடங்கியது.

இடம் மாறிய நான்கிலும் ஆட்கள் நின்றார்கள். முதல் வாரத்திலேயே. அதற்கு விளம்பரமோ அறிவிப்போ தேவைப்படவில்லை, பஸ் அங்கேதான் நின்றது. அடிக்கல் நாட்டிய இடத்தில் அதே சுவர், அதே கூரை, அதே மர இருக்கை. ஆட்கள் இன்றைக்கும் டீக்கடையில்தான். வடிவமைப்பு எவ்வளவு, இடம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. திட்டமிட்டு வைத்திருந்தால்கூட இப்படி அமைந்திருக்காது.

சுமைமேடை ஆறு இடங்களில் வந்தது. ஏழாவதில் ஒப்பந்ததாரர் விட்டுவிட்டார். கேட்டதற்கு, எஸ்டிமேட்டில் அப்படி ஒரு வரி இல்லை என்றார். உண்மைதான்: வரைபடத்தில் இருந்தது, ஒவ்வொரு வேலைக்கும் அளவும் விலையும் போடும் அளவுப் பட்டியலில் 'சுவர் வேலை'யோடு சேர்ந்து கரைந்துபோயிருந்தது. கட்டிய இடங்களில் காய்கறி மூட்டையோடு பள்ளிப் பிள்ளைகளின் பைகளும் அதன் மேல் ஏறின. ஓரிடத்தில் பூந்தொட்டி வைத்து அழகுபடுத்தியிருக்கிறார்கள். அதை எடுக்கச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை.

கண் மட்டத் திறப்பை ஓரிடத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டி மூடினார்கள். காற்று இரண்டே நாளில் அதைக் கிழித்தது.

நவம்பரில் ஒரு நிறுத்தத்தில் தரை முழுக்கச் சேறு. மேலேயிருக்கும் தேயிலைத் தோட்டத்தின் வாய்க்கால் உடைத்துக்கொண்டு நேராகச் சுவருக்குப் பின்னால் இறங்கியிருந்தது. வடிகுழாய்கள் ஒன்றுகூடச் சொட்டவில்லை. தட்டிப் பார்த்தால், சுவரை வழவழப்பாகப் பூசும்போது குழாய் வாய்களையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். உளியால் திறந்ததும் பழுப்புத் தண்ணீர் பீய்ச்சியது. சுவர் தாங்கியது, ஆனால் இன்னும் இரண்டு நாள் மழை நீடித்திருந்தால் அதை உறுதியாகச் சொல்ல மாட்டேன். பிறகு சரிவின் மேல்பக்கம் ஒரு தடுப்பு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைப் பக்கத்தில் சாலைக்கு அடியில் போகும் சிறுபாலத்துக்குத் திருப்பினோம்.

அடுத்த மே மாதம் எதிர்பாராத தொல்லை. சீசனில் ஊட்டியிலிருந்து இறங்கும் சுற்றுலா வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். எங்கள் நிறுத்தங்களில் இரண்டு அந்தச் சாலையில் இருப்பவை. பஸ்ஸுக்காகத் தேடிப் பிடித்த சமதளம் கார்களுக்கும் வசதியாகப் போயிற்று; போட்டோ எடுக்க நிறுத்திவிட்டுப் போனார்கள். பஸ் மறுபடி ஏற்றத்தில் நின்றது. தடுப்புக் கம்பி நட்டால் பஸ்ஸும் வர முடியாது. இதற்குச் சரியான தீர்வு இன்னும் அமையவில்லை. சீசன் நாட்களில் ஒரு ஊர்க்காவலரை நிறுத்துவதோடு நிற்கிறது.

## பேருந்து நிலையம்

நிழற்குடைகளைப் பார்த்துத் தடத்தின் முனையிலிருந்த பேருந்து நிலைய வேலையும் அவரிடம் வந்தது. ஆர்க்கிடெக்டின் பணிவாழ்வில் இது பெரிய படி. அனுபவம் அவ்வளவு இனிமையாக இல்லை.

நிலத்தின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 2.4 மீட்டர் உயர வித்தியாசம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம், 12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயர்வு என்பதைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரம் பிடித்து ஏறும் மலை ரயிலின் அதிகபட்சச் சரிவும் ஏறத்தாழ அதுதான் என்பதை நினைத்தால், ஒருவர் கையால் சக்கரத்தைத் தள்ளி ஏறுவது என்னவென்று புரியும். 2.4 மீட்டருக்கு 28.8 மீட்டர் சாய்தளம், இடையிடையே இளைப்பாறும் தளங்கள் என்று 33 மீட்டரைத் தாண்டியது. நிலத்தில் அதற்கு இடமில்லை.

அவர் நிலையத்தை இரண்டாகப் பிரித்தார். மேல்தெரு மட்டத்தில் மலை ஏறும் தடங்கள், கீழ்த்தெரு மட்டத்தில் இறங்கும் தடங்கள். எந்தப் பக்கத்தில் வந்தாலும் தெருவிலிருந்து சமமாகவே உள்ளே போகலாம். மாறி ஏறுபவருக்கு மட்டும் படியும் ஒரு லிஃப்டும். உள்ளாட்சிக்கு இது பிடித்தது. கடைகள் போதாது என்பதுதான் அவர்கள் குறை. கடை வாடகையில்தான் நிலையத்தைப் பராமரிக்க வேண்டும் என்ற அவர்கள் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. மாடியில் கடை வைக்கலாமென்றால், கீழே பஸ் நுழையும் உயரத்தை விட்டபின், மலைப்பகுதிக் கட்டடங்களுக்கு அப்போதிருந்த 7 மீட்டர் உயர வரம்புக்குள் ஒரு தளம் சேராது. ஆகக் கடைகள் தரைத்தளத்திலேயே வந்தன, காத்திருக்கும் கூடத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு. ஆர்க்கிடெக்ட் விலகிவிடுவதா என்று சில நாள் யோசித்தார். இரண்டு மட்ட அமைப்பையும் பெண்கள் கழிப்பறையை மேல்மட்டத்தில் வைப்பதையும் யாரும் தொடக்கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டார். லிஃப்ட் நிதியில்லாமல் தள்ளிப்போடப்பட்டது. அதற்கான குழி மட்டும் இருக்கிறது.

அதே உள்ளாட்சியின் அடுத்த நிழற்குடைத் தொகுப்பு, வேறு தடத்தில், மாதிரி வரைபடத்தின்படியே டெண்டர் ஆனது. ஆனால் போக்குவரத்துக் கழகக் கிளை எங்கள் நான்கு நிறுத்தங்களைப் புதிய இடத்திலேயே தன் பட்டியலில் திருத்திக்கொண்டது. புதிய ஓட்டுநர்களும் அங்கேயே நிறுத்துகிறார்கள்.

## மாற்ற வேண்டியவை

சுமைமேடை, வடிகுழாய், கண் மட்டத் திறப்பு மூன்றையும் அளவுப் பட்டியலில் தனித்தனி வரியாக, தனி விலையோடு போட வேண்டும். வரைபடத்தில் மட்டும் இருக்கும் எதுவும் களத்தில் பிழைக்காது. பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு வடிகுழாயையும் போட்டோ எடுத்து, முடிந்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தோடு இணைத்தால்தான் பில் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம்.

தடத்தைப் பார்ப்பதற்கான கட்டணத்தைக் கட்டுமானச் சதவீதத்திலிருந்து பிரித்து ஒட்டுமொத்தத் தொகையாகக் கேட்க வேண்டும். இந்த வேலையில் அந்தச் செலவை ரிசார்ட் வருமானம் தாங்கியது. ரிசார்ட் வேலை இல்லாத இளம் ஆர்க்கிடெக்ட் இதைச் செய்ய முடியாது, செய்யவும் மாட்டார். பார்க்கும் காலமும் நவம்பராக இருக்க வேண்டும். பாசி சாரலைக் காட்டியது, தோட்டத்து வாய்க்கால் எங்கே உடைக்கும் என்பதைக் காட்டவில்லை. மே மாதத்தில் ஒருமுறை, கார்களைப் பார்க்க.

கூட்டுத் தணிக்கை, அடிக்கல்லுக்குத் தேதி குறிப்பதற்கு முன்னால் நடக்க வேண்டும். ஆர்க்கிடெக்ட் இப்போது கூடலூர்ப் பக்கம் ஒரு தடத்துக்குக் கேட்கப்பட்டிருக்கிறார். அங்கே மழை மேற்கிலிருந்து வரும், கரடிக்குப் பதில் யானை. சுவர்களைத் திருப்ப வேண்டும். யானை தள்ளினாலும் ஆட்கள் மேல் விழாதபடி கூரையை எடையில்லாமல் செய்ய வேண்டும் என்று என்னிடம் கணக்குக் கேட்டிருக்கிறார். தணிக்கைக்கு மூன்று துறைகளின் ஒப்புதல் கடிதமும் கைக்கு வந்த பிறகே வரைபடம் தொடங்கும் என்று அந்த ஒப்பந்தத்தில் முதல் பத்தியிலேயே சேர்த்திருக்கிறார்.